தண்ணீரே நோயாளி

(சித்தூரில் தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் வாசலிலேயே என்னை மடக்கினார். "ஐயா, மாட்டுக்கு வைத்தியம் என்றால் புரிகிறது. நாய்க்கு என்றாலும் புரிகிறது. சாலமாண்டருக்கு வீட்டில் வைத்தியமா? இந்த ஊரில் அது எங்கே இருக்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், வீட்டில் வளர்க்கும் சாலமாண்டர் நோயுற்றால் அதை எப்படிப் பேணுவது என்பது.

முதலில் ஆள் யார் என்று தெரிந்துகொள்வோம். பார்ப்பதற்குப் பல்லி மாதிரி இருக்கும். அந்த ஒற்றுமை பார்வையோடு சரி. பல்லிக்குச் செதில் உண்டு, இதற்கு இல்லை. பல்லி காய்ந்த சுவரில் வாழும். இது ஈரம் இல்லாமல் வாழாது. பல்லி ஊர்வன இனம். இதுவோ நீர்நில வாழ்வி, தவளையின் உறவு. வளர்ந்த பிறகும் வாலை இழக்காத உறவு.

நம் சித்தூர்ப் பக்கத்தில் சாலமாண்டர் உண்டா? இல்லை. திருமலைக் காட்டில் உண்டா? இல்லை. தென்னிந்தியாவில் எந்தக் காட்டிலும் இயற்கையாக ஒன்றுகூட இல்லை. இந்தியாவில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் டார்ஜிலிங், சிக்கிம், வடகிழக்கு மலைகளுக்குப் போக வேண்டும். டார்ஜிலிங் மலைகளில் மழைக்காலத்தில் குட்டைகளுக்கு வந்து முட்டையிடும் இமாலயச் சாலமாண்டரை 2015-ல்தான் தனி இனமாக அறிவியலார் விவரித்தார்கள். டார்ஜிலிங்குக்கு அருகே ஜோர்போக்ரியில் அதைக் காக்க ஒரு சரணாலயமே இருக்கிறது. அதைப் பிடிக்கவும் கூடாது, வீட்டில் வைக்கவும் கூடாது. சட்டம் காக்கும் உயிர் அது.

அப்படியானால் நம் வீடுகளுக்கு வருவது எது? மெக்சிகோ நாட்டு ஆக்ஸலாட்டல் என்னும் சாலமாண்டர். சென்னையில் கொளத்தூர் என்றால் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்குத் தெரியும்; தெருவே மீன்தொட்டிதான். அந்த மாதிரி மீன் வணிகத்தின் வழியாகத்தான் இது நம் இளைஞர்கள் கைக்கு வந்து சேர்கிறது. வெளிர் ரோஜா நிறம், அகன்ற தலை, சிரிப்பது போல ஒரு வாய், கழுத்தின் இரு பக்கமும் மும்மூன்றாக நீட்டிக்கொண்டிருக்கும் செவுள்கள். ஒருமுறை பார்த்த பிள்ளை மறக்காது. வாங்கித் தரச் சொல்லும். அப்பா வாங்கியும் தந்துவிடுவார். அங்கேதான் கதை ஆரம்பம்.

இந்த உயிரின் சொந்த ஊர், மெக்சிகோ நகரத்தின் தென்புறத்தில் உள்ள சோச்சிமில்கோ என்னும் ஏரிப்பகுதி. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கோடைக்கு நாம் ஓடிப்போய்ச் சேரும் ஹார்ஸ்லி மலையைவிட ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். அதனால் அங்கே தண்ணீர் ஆண்டு முழுதும் குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சியில் பிறந்த உயிர், தவளைக்குஞ்சு தவளையாவது போலப் பொதுவாக உருமாறிக் கரையேறுவதில்லை. செவுளோடு பிறந்து, செவுளோடு வளர்ந்து, செவுளோடே குஞ்சு பொரித்து, தண்ணீரிலேயே வாழ்நாளை முடித்துக்கொள்கிறது. 1864-ல் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்ஸலாட்டல்கள் பாரிசுக்கு வந்தன. அவற்றில் ஆறு, ஒகுஸ்த் துமேரில் என்னும் விலங்கியலாளரிடம் சேர்ந்தன. அடுத்த ஆண்டு அவை ஈன்ற குஞ்சுகளில் சில செவுளை இழந்து கரைச் சாலமாண்டராக உருமாறியதைக் கண்டு அவர் திகைத்துப்போனார். இன்று உலகத்தின் ஆய்வுக்கூடங்களில் இருக்கும் ஆக்ஸலாட்டல்களில் பெரும்பாலானவை அந்தப் பாரிஸ் கூட்டத்தின் வழிவந்தவைதான்.

ஆய்வுக்கூடங்களுக்கு இதன்மேல் ஏன் அவ்வளவு ஆசை? கால் துண்டாகிப் போனால் இதற்குக் கால் முளைக்கும். எலும்பு, தசை, நரம்பு, விரல் எல்லாம் சேர்ந்த முழுக் காலே முளைக்கும். வால் முளைக்கும். தண்டுவடம் அறுந்தால் கூடும். இதயத்தில் ஒரு பகுதியை இழந்தாலும் திரும்ப வளரும். 2018-ல் இதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது 3,200 கோடி எழுத்துகள் இருந்தன. மனிதனுக்கு இருப்பதைப் போலப் பத்து மடங்கு.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கால் போனால் பிழைத்துக்கொள்ளும் இந்த உயிர், தண்ணீர் கெட்டால் பிழைக்காது! வெட்டுக்காயம் தாங்கும், வெந்நீர் தாங்காது! வீட்டில் வளர்க்கும் ஆக்ஸலாட்டல் நோயுற்றால், பத்தில் ஒன்பது முறை என்று கணக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எதை என்று உறுதியாகச் சொல்வேன். தண்ணீரை! நோயாளி கிடக்கும் தண்ணீரே முதல் நோயாளி. அதற்குத்தான் முதல் வைத்தியம்.

ஏன் அப்படி? இதன் தோல் நம் தோல் மாதிரி மூடிய கதவு அல்ல. தோலாலும் மூச்சு விடுகிறது. தோலாலும் தண்ணீரை ஏற்கிறது. தண்ணீரில் உப்பு இருந்தால் உப்பு உள்ளே போகும். குளோரின் இருந்தால் தோலையும் செவுளையும் அரிக்கும். உங்கள் விரலில் சோப்பு இருந்தால் சோப்பும் போகும். நமக்கு விஷம் பெரும்பாலும் வாய் வழியாகத்தான் உள்ளே போகும். இதற்கோ, கிடக்கும் இடமே விஷமானால் போதும்.

ஒரு மாணவனை எண்ணிக்கொள்ளுங்கள். கற்பனைதான், ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். திருப்பதியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறான். கொளத்தூரில் ஆக்ஸலாட்டல் வாங்கி, பாலிதீன் பையில் தண்ணீரும் காற்றும் அடைத்து, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். அன்றைக்கே தொட்டி வாங்கினான். அன்றைக்கே தண்ணீர் ஊற்றினான். அன்றைக்கே அதை உள்ளே விட்டான். அழகுக்காக அடியில் வண்ணக் கூழாங்கல் பரப்பினான். மாதம் ஏப்ரல்.

பத்தாம் நாள் அது சாப்பிட மறுத்தது. செவுள்கள் முன்பக்கமாக வளைந்தன. வால் நுனி கொக்கி போட்டது. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கியது. செவுளில் ஒரு புள்ளி பஞ்சு போல வெள்ளை படர்ந்தது. பையன் பதறிப்போய் மீன் கடைக்கு ஓடினான். பச்சை மருந்து ஒன்று, நீல மருந்து ஒன்று, இரண்டையும் வாங்கி ஊற்றினான். மறுநாள் இன்னும் மோசம்.

அந்த நேரம் சித்தூரிலிருந்து அம்மா வந்தார்கள்.

"அம்மா, இது சாப்பிடவே மாட்டேங்குதும்மா. மருந்து போட்டும் கேக்கல."

அம்மா தொட்டிக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார்கள். "டேய், தண்ணி சுடுதுடா! பானைத் தண்ணி குடிக்கிற நமக்கே தாங்கல, இதுக்கு எப்படிடா தாங்கும்?"

அன்பர்களே, அந்த அம்மாவுக்கு விலங்கியல் தெரியாது. ஆனால் நோயை ஒரு விரலால் பிடித்துவிட்டார்கள். ஏனென்றால் அவர்கள் முதலில் பார்த்தது தண்ணீரை!

வெப்பத்தின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஆக்ஸலாட்டலுக்கு உகந்த வெப்பம் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 20 வரை பொறுக்கும். 24-ஐத் தாண்டினால் துன்பம். திருப்பதியில் மே மாதம் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். ஏசி இல்லாத அறையில் தொட்டித் தண்ணீர் 32-ஐத் தொடும். 18 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 32 டிகிரியிலோ 7.3 மில்லிகிராம்தான். உடம்பு சூடேறினால் அதற்கு ஆக்சிஜன் அதிகம் தேவை. தண்ணீர் சூடேறினால் ஆக்சிஜன் குறைவு. தேவை ஏறுகிறது, இருப்பு இறங்குகிறது. அதனால்தான் மேலே வந்து காற்றை விழுங்குகிறது. அதே சூட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் தழைக்கின்றன. அதே சூட்டில் அதன் எதிர்ப்பாற்றல் தளர்கிறது. மூன்று திசையிலிருந்தும் அடி!

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத எதிரி, அம்மோனியா. உயிர் இருந்தால் கழிவு இருக்கும். கழிவு இருந்தால் அம்மோனியா இருக்கும். பழகிய தொட்டியில் ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம்; மூன்றாவது அளவோடு இருந்தால் தீங்கில்லை. இந்தப் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அன்றைக்கே வாங்கிய தொட்டியில் அவை எப்படி இருக்கும்? இருக்காது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தாலும் உள்ளே விஷம் ஏறிக்கொண்டிருக்கும். கண்ணை நம்பாதீர்கள்; சோதனைப் பெட்டியை நம்புங்கள். மீன் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் சொட்டுமருந்துச் சோதனை போதும். அம்மோனியா சுழி, நைட்ரைட் சுழி. இந்த இரண்டில் ஒன்று ஏறியிருந்தாலும் அதுதான் நோய். மற்றதெல்லாம் அதன் அறிகுறி.

சரி, உங்கள் வீட்டில் இது நேர்ந்துவிட்டது. என்ன செய்வீர்கள்?

முதலில் அதைத் தொட்டியிலிருந்து எடுத்து, அது உடம்பை நீட்டிக் கிடக்கும் அளவுள்ள, மூடியில் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். வலையில் செவுள் சிக்கும். ஒரு கிண்ணத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, தண்ணீரோடு சேர்த்து முகந்தெடுங்கள். டப்பா புதியதாகவே இருக்கட்டும். சோப்புப் போட்டுத் தேய்த்த பாத்திரம் ஆகாது.

தண்ணீர் எது? திருப்பதியில் கல்யாணி அணைத் தண்ணீர் வருகிறது, தெலுங்கு கங்கைத் தண்ணீர் வருகிறது. குழாயில் எது வந்தாலும் அதில் குளோரின் கலந்துதான் வரும். வாளியில் பிடித்து ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியை அளவோடு கலக்கலாம். இங்கே படித்தவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "சுத்தமான தண்ணீர்தானே வேண்டும்? ஆர்.ஓ. கேன் தண்ணீரை ஊற்றிவிடுகிறேன்" என்பார்கள். வேண்டாம்! ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. ஆக்ஸலாட்டலுக்குக் கொஞ்சம் கடினத்தன்மையுள்ள தண்ணீர்தான் ஒத்துவரும். சோற்றுப்பானையில் வெள்ளை படிய வைக்கிறதென்று நாம் குறைசொல்லும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், சோதித்துப் பார்த்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்றால், நன்றாகவே பயன்படும். நமக்கு மட்டமான தண்ணீர் அதற்கு மட்டமல்ல.

அந்த டப்பாவில் தினமும் ஒருமுறை முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். பழைய தண்ணீர் என்ன வெப்பமோ புதுத் தண்ணீரும் அதே வெப்பம். வடிகட்டி வேண்டாம், விளக்கு வேண்டாம், கூழாங்கல் வேண்டாம். இருட்டும் அமைதியும் போதும்.

குளிர்ச்சிக்கு என்ன வழி? தண்ணீரின் மேற்பரப்பில் மின்விசிறிக் காற்று படும்படி வைத்தால் மண்பானை குளிர்வது போலத் தண்ணீர் ஆவியாகிக் குளிரும். காற்று காய்ந்திருக்கும் கோடையில் இந்த உபாயம் இரண்டு மூன்று டிகிரியைக் குறைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அவ்வளவு பலிக்காது. ஆனால் 32-லிருந்து மூன்றைக் கழித்தால் 29 அல்லவா வரும்? போதுமா? போதாது! ஆகவே மே மாதத்துக்கு ஏசி அறை வேண்டும், அல்லது தொட்டிக்கென்றே குளிர்விக்கும் கருவி வேண்டும். அவசரத்துக்கு, தண்ணீர் நிரப்பி உறையவைத்த பாட்டிலை மூடியோடு டப்பாவில் மிதக்கவிடலாம். ஐஸ் கட்டியை நேராகப் போடக் கூடாது. சட்டென்று பத்து டிகிரி இறக்குவதும் கூடாது. மெல்ல, மணிக்கணக்கில் இறக்குங்கள். டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியில் 5 முதல் 8 டிகிரியில் வைக்கும் முறையும் உண்டு. உடம்பின் வேகம் குறையும், பூஞ்சையின் வேகமும் குறையும். ஆனால் அது மருத்துவர் சொல்லிச் செய்ய வேண்டியது. கீழ்த்தட்டில் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் இதைக் கண்டு பாட்டி அலறினால் அந்தப் பொறுப்பு என்னுடையது அல்ல!

இனி, செய்யக் கூடாதவை. நம்மவர்கள் அன்பு மிகுந்தவர்கள். அன்பு மிகுந்தவர்களிடம்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மஞ்சள் நமக்கு மருந்து. இதற்கு? வேப்பெண்ணெய் நம் வயலுக்கு மருந்து. இதற்கு? விளக்கெண்ணெய், கற்பூரம், வெற்றிலைச் சாறு? எதையும் அந்தத் தண்ணீரில் கலக்காதீர்கள்! தோலே வாயாக இருக்கும் உயிருக்குள் அத்தனையும் போய்ச் சேரும். மீன் கடைப் பச்சை மருந்தும் செம்பு கலந்த மருந்துகளும் மீனுக்கு ஆகலாம். நீர்நில வாழ்விகளுக்கு ஆகாது. நீல மருந்தும் மருத்துவர் அளவு சொல்லாமல் கூடாது. கிருமிநாசினி தடவிய கை, களிம்பு பூசிய கை, வாசனைத் தைலம் பூசிய கை, மூன்றும் தள்ளி நிற்கட்டும்.

"அப்படியானால் நம்மிடம் ஒன்றுமே இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. தெருவோரத்தில் உதிர்ந்து கிடக்கும் நாட்டு வாதுமை இலை, மீன் வளர்ப்போர் பாதாம் இலை என்பது. காய்ந்து பழுத்த இலையை, மருந்து தெளிக்காத இடத்திலிருந்து எடுத்து, தூசி போகக் கழுவி, ஒன்றைப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும். அந்தத் துவர்ப்பில் உள்ள டானின் பூஞ்சையின் வளர்ச்சியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். மென்மையான உதவி, அவ்வளவே. பூஞ்சை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால், அயோடின் கலக்காத கல்லுப்பை லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி கரைத்து, அதில் பத்து நிமிடம் மட்டும் வைத்து எடுப்பதுண்டு. பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்! கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். உப்பு பூஞ்சையையும் சுடும், செவுளையும் சுடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். நம் வீடுகளில் நோயாளி சாப்பிடாவிட்டால் வீடே சாப்பிடாது. ஆனால் வளர்ந்த ஆக்ஸலாட்டல் ஒரு வாரம், இரண்டு வாரம் உண்ணாமல் இருந்தாலும் உடனே ஆபத்தில்லை. வாயைப் பிளந்து திணிக்காதீர்கள். தேறிய பின் மண்புழு கொடுங்கள். அதைவிட நல்ல உணவு இல்லை. ஆனால் எங்கிருந்து எடுப்பது? மதனப்பள்ளித் தக்காளித் தோட்டத்திலிருந்தா? மாந்தோப்பிலிருந்தா? பூச்சிமருந்து அடித்த மண்ணின் புழு விஷப்புழு. மாடு வளர்க்கும் வீடுகளுக்கு இந்தச் சீமையில் பஞ்சமில்லை. அங்குள்ள மண்புழு உரக் குழியிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுங்கள். உரக்குழியின் சிவப்புப் புழு கசப்புச் சாறு விடும். சில ஆக்ஸலாட்டல்கள் துப்பிவிடும். துப்பினால் நோய் என்று நினைத்துப் பதற வேண்டாம்.

கூழாங்கல்லைச் சொன்னேனே, அதற்கும் காரணம் உண்டு. இது கடித்து உண்பதில்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்குகிறது. பக்கத்தில் இருக்கும் கல்லும் உள்ளே போகும். குடலில் அடைக்கும். வயிறு உப்பி, மிதந்து, மலம் கழியாமல் கிடந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். அடித்தளத்தில் ஒன்றும் இல்லாமல் விடுங்கள், அல்லது மிக நுண்ணிய மணல் போடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? குளிர்ந்த, தூய தண்ணீரில் இரண்டு மூன்று நாள் வைத்தும் தேறாவிட்டால். தோலில் புண்ணோ, சிவப்புத் திட்டோ, இரத்தக் கசிவோ கண்டால் அன்றைக்கே. உடம்பு பலூன் போல வீங்கினால் அந்த மணியே. நமக்கு ஒரு நல்வாய்ப்பு, 1955-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி திருப்பதியிலேயே இருக்கிறது. 2005-ல் அதைச் சேர்த்துக்கொண்டு ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகமும் வந்தது. 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. ஆனால் எல்லா மருத்துவரும் இந்த உயிரைக் கையாண்டிருக்க மாட்டார். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். வெயிலேறும் முன் புறப்படுங்கள். தெர்மாகோல் பெட்டிக்குள் டப்பாவை வைத்து, துணி சுற்றிய ஐஸ் பொதியைப் பக்கத்தில் வையுங்கள். சித்தூரிலிருந்து திருப்பதி 70 கிலோமீட்டர். மே மாதப் பயணத்தில் அதுவே அதைக் கொன்றுவிடலாம். தொட்டித் தண்ணீரைத் தனிப் பாட்டிலில் எடுத்துப்போங்கள். நோயாளியைச் சோதிக்கும் மருத்துவர் தண்ணீரையும் சோதிக்கட்டும். சமையலறைத் தராசில் அதன் எடையைக் கிராமில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்; மருந்தின் அளவு எடையை வைத்துத்தான். ஒரு நோட்டில் தினமும் வெப்பம், உணவு, மலம், தண்ணீர் மாற்றிய நேரம் எழுதி வாருங்கள். "கொஞ்ச நாளா டல்லா இருக்கு சார்" என்ற வாக்கியத்தைவிட அந்த நோட்டு நூறு மடங்கு பேசும். காப்பாற்ற முடியாது என்று ஆகிவிட்டால் அதையும் மருத்துவர் கையாலேயே வலியில்லாமல் முடிக்கச் சொல்லுங்கள். உயிரோடு உறையவைக்கும் கொடுமை வேண்டாம்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அயல்நாட்டு உயிர் என்றால் கேட்பாரில்லை என்ற காலம் போய்விட்டது. ஆக்ஸலாட்டல், அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். 2022-ல் திருத்தப்பட்ட வனவுயிர்ச் சட்டமும் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும், இப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்போர் பரிவேஷ் என்னும் அரசு இணையவாசலில் பதிவுசெய்ய வேண்டும் என்கின்றன. குஞ்சு பொரித்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். நம் மண்ணின் உயிர்களோ வேறு கணக்கு. பலமனேர், மதனப்பள்ளிப் பக்கத்து நட்சத்திர ஆமை, சேஷாசல மலைப் பாறை இடுக்கில் வாழும் தங்கப்பல்லி ஆகியவை பதிவுசெய்து வளர்க்கும் உயிர்களே அல்ல. அடிபட்டுக் கிடந்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

இப்போது என் பேச்சின் மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பேணிப் பேணிச் சலித்துப்போன ஒருவர் என்ன செய்வார்? "பாவம், எங்கேயாவது பிழைத்துக்கொள்ளட்டும்" என்று சுவர்ணமுகி ஆற்றிலோ, ஊர் ஏரியிலோ, கோவில் குளத்திலோ விட்டுவிடுவார். புண்ணியம் என்று நினைத்துச் செய்வார். அது புண்ணியமா?

அந்த உயிர் நம் வெயிலில் வெந்து சாகும்; அது முதல் பாவம். அதன் உடம்பில் இருந்த நோய் சாகாது. அது இரண்டாம் பாவம். நீர்நில வாழ்விகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையை 1999-ல் விவரித்தார்கள். அந்த வகைப் பூஞ்சையால் உலகெங்கும் 501 இனங்கள் நலிந்தன, 90 இனங்கள் அற்றுப்போயின என்று 2019-ல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அதன் பங்காளிப் பூஞ்சை ஒன்று ஆசியாவில் தோன்றியது. வளர்ப்பு உயிர் வணிகத்தோடு ஐரோப்பா போய்ச் சேர்ந்ததாக அறிவியலார் கருதுகிறார்கள். அதனால் நெதர்லாந்தின் தீச் சாலமாண்டர்கள் சில ஆண்டுகளில் 100-க்கு 96 அழிந்தன. அஞ்சிப்போன அமெரிக்கா 2016-ல் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. நம் ஏரியில் சாலமாண்டர் இல்லாமல் இருக்கலாம். தவளை இருக்கிறதே! மழை பெய்த இரவில் ஊரைக் கூட்டும் அந்தத் தவளைக்கு நாம் கொடுக்கும் சீர்வரிசையா இது?

விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆக்ஸலாட்டலின் சொந்த ஊரே சாட்சி. சோச்சிமில்கோவில் மீன்வளம் பெருகட்டும் என்று கெண்டையையும் திலாப்பியாவையும் கொண்டுவந்து விட்டார்கள். திலாப்பியா யார்? நாம் ஜிலேபி மீன் என்கிறோமே, 1952-ல் இந்தியாவுக்கு வந்து இன்று நம் ஏரிகளெல்லாம் நிறைந்திருக்கிறதே, அதன் குடும்பம்தான். அவை ஆக்ஸலாட்டலின் முட்டையையும் குஞ்சையும் தின்றன. நகரத்தின் கழிவும் வந்து சேர்ந்தது. 1998-ல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று எண்ணப்பட்ட உயிர், 2014-ல் 36 ஆகிவிட்டது. உலகமெங்கும் தொட்டிகளில் இலட்சக்கணக்கில் இருக்கிறது. சொந்த ஊர்த் தண்ணீரில் அநேகமாக இல்லை! கால் முளைக்கும், வால் முளைக்கும், இதயம் முளைக்கும். கெட்டுப்போன ஏரி தானாக முளைக்குமா?

ஆகவே, நோயாளியின் தொட்டித் தண்ணீரைக்கூட ஏரியிலோ கால்வாயிலோ ஊற்றாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கலந்து சில மணி நேரம் வைத்து, பிறகு சாக்கடையில் ஊற்றுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மாணவச் செல்வங்களே, கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வாங்கும் ஆசை இருக்கிறதா? இருக்கட்டும். முதலில் வெறும் தொட்டியை வாங்குங்கள். தண்ணீர் ஊற்றி, வடிகட்டியை ஓடவிட்டு, ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு ஆறு வாரம் காத்திருங்கள். சித்திரை வைகாசி வெயிலில், மின்சாரம் போன மதியத்தில், அது என்ன காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். 20-க்குக் கீழே நிறுத்த முடிந்தால் வாங்குங்கள், பதிவுசெய்யுங்கள், இன்று சொன்னபடி பேணுங்கள். முடியாவிட்டால் அந்தத் தொட்டியில் நம் வெயிலைத் தாங்கும் மீன்களை வளருங்கள். வாங்காமல் விட்ட ஒரு ஆக்ஸலாட்டலுக்கு நீங்கள் செய்த வைத்தியத்தைவிடப் பெரிய வைத்தியம் எந்த மருத்துவராலும் செய்ய முடியாது!

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வீட்டுக்குப் போனதும் மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். வெப்பமானியைப் பாருங்கள். அம்மோனியாவைப் பாருங்கள். தண்ணீரைப் பாருங்கள்!